லாரி ஓட்டும்போது கை நடுக்கம், வியர்வை

அண்ணே, சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு போடுகிறீர்கள், லோடு ஓட்டத்தில் இரவுச் சாப்பாடு தள்ளிப்போனால் கை நடுங்கி வியர்க்கிறது, தூக்கக் கலக்கமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கென்னவோ சர்க்கரை இறங்குவதாகத்தான் தெரிகிறது. அந்த மாத்திரை, வயிறு காலியாக இருந்தாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும்.

நடுக்கம் வந்ததுமே வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டு, சர்க்கரை பார்க்கும் மீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று ஸ்பூன் நிறைய, தண்ணீரில் கலந்து குடியுங்கள். மீட்டர் கையில் இல்லையென்றாலும் குடித்துவிடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அப்புறம் நாலு இட்லி. சர்க்கரை ஏறியதும் கிளம்பிவிடாதீர்கள், மூளை தெளிய முக்கால் மணி நேரமாவது வேண்டும். (இறங்கிய சர்க்கரையை ஏற்ற, சர்க்கரை போடாத டீ உதவாது.)

மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். இரவு ஓட்டம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள், இப்படி இறக்காத மாத்திரைகளும் இருக்கின்றன.