அப்பா வைத்துப்போன காசுகளில் வெள்ளி எவ்வளவு?

மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா இறந்தபிறகு பீரோவின் அடித்தட்டில் ஒரு பிஸ்கட் டின் கிடைத்ததாம். அதில் தாத்தா காலத்திலிருந்து சேர்ந்த காசுகள், வகைவகையாகக் காகிதத்தில் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைக்கப்பட்டிருந்தன. எடை போட்டால் அரைக் கிலோவுக்குச் சற்று மேல். தம்பி, “வெள்ளையாக இருப்பதெல்லாம் வெள்ளிதான் அக்கா” என்கிறார். பழைய வெள்ளி வாங்கும் கடைக்காரர் ஒருவர் மொத்தத்தையும் ஒரே விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். “இதில் உண்மையில் வெள்ளி எவ்வளவு? விளக்கித் தேய்த்துவிட்டுக் கொடுத்தால் கூடுதல் விலை கிடைக்குமா?” இதுதான் கேள்வி.

டின்னில் இருப்பதையும் பொறுமையாக எண்ணி எழுதியிருக்கிறார். பிரிட்டிஷ் இந்திய ஒரு ரூபாய் 9: விக்டோரியா தலை 1, ஐந்தாம் ஜார்ஜ் 5, 1940-களின் ஆறாம் ஜார்ஜ் 3. ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி) ஒரு டாலர் 2: 1904, 1920. மலாயா இருபது காசு (சென்ட்) 14: 1939-இல் 4, 1943, 1945-இல் 6, 1948-க்குப் பிந்தியவை 4. மலாயா பத்துக் காசு 30: 1941-இல் 12, 1945-இல் 8, 1948-க்குப் பிந்தியவை 10. எலிசபெத் ராணி தலை போட்ட ஐம்பது காசு 12. சதுரமான ஒரு காசு 20.

நம் ஊரில் பணத்தையே வெள்ளி என்று சொல்கிறோம் அல்லவா, குழப்பம் வேண்டாம். இங்கே வெள்ளி என்றால் உலோகம் மட்டுமே. பணத்தை ரிங்கிட் என்றே எழுதுகிறேன்.

சகோதரி, முதலில் நிறத்தை மறந்துவிடுங்கள். வெள்ளைக் காசுகளில் பல, செம்பும் நிக்கலும் கலந்தவை. ஒரு துளி வெள்ளி கிடையாது. காசில் எவ்வளவு வெள்ளி என்பதைச் சொல்வது அதில் பொறித்த ஆண்டுதான். ஒரே அரசர், ஒரே முகம், ஒரே அளவு என்று இருக்கும் காசுகளிலும் ஆண்டு மாறினால் உள்ளே இருக்கும் உலோகம் மாறிவிடுகிறது. அதனால் ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஆண்டு வாரியாகப் பிரிப்பதுதான் முதல் வேலை. நீங்கள் அதைப் பெரும்பாலும் செய்தே விட்டீர்கள்.

ஒன்றுமில்லாதவற்றை முதலில் ஒதுக்குவோம். சதுரக் காசு இருபதும் வெண்கலம். எலிசபெத் ராணியின் ஐம்பது காசு, ‘மலாயாவும் பிரிட்டிஷ் போர்னியோவும்’ என்று ஆங்கிலத்தில் போட்டிருக்குமே, அது செம்பு-நிக்கல். 1948 முதல் 1950 வரை வந்த மலாயாக் காசுகளும் அப்படியே. 1967-இல் மலேசியா வெளியிட ஆரம்பித்த ஐந்து, பத்து, இருபது, ஐம்பது சென் எதிலும் வெள்ளி இல்லை. பேங்க் நெகாரா (மலேசிய மத்திய வங்கி) பெட்டியில் வைத்து விற்ற நினைவு நாணயங்களில் சில வெள்ளி உண்டு. கூடவே வரும் அட்டையில் அதைக் குறித்திருப்பார்கள்.

மலாயாக் காசுகளில் ஆண்டு தேய்ந்துபோனால் கவலைப்படாதீர்கள். ஆறாம் ஜார்ஜின் தலையைச் சுற்றியுள்ள எழுத்தைப் படியுங்கள். 1939 முதல் 1945 வரை ‘அரசரும் இந்தியாவின் பேரரசரும்’ என்று ஆங்கிலத்தில் இருக்கும். இந்தியா விடுதலை பெற்றபின் அந்தப் பட்டம் போய்விட்டது. 1948 காசில் வெறும் ‘ஆறாம் ஜார்ஜ் அரசர்’தான். ஐந்து, பத்து, இருபது காசுகளில் இந்தியப் பேரரசர் பட்டம் இருந்தால் வெள்ளி உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இவ்வளவு சுலபமான அடையாளம் வேறெந்தக் காசுக்கும் அமையவில்லை.

ஆனால் அந்த வெள்ளியிலும் இரண்டு தரம். 1939, 1941 காசுகளில் நூற்றுக்கு 75 பங்கு வெள்ளி. 1943, 1945 காசுகளில் 50 பங்குதான். இருபது காசு 5.43 கிராம், பத்துக் காசு 2.71 கிராம் என்ற எடை மட்டும் மாறவில்லை. உங்கள் 1939 இருபது காசு நான்கில் 16.29 கிராம் வெள்ளி. 1943, 1945 இருபது காசு ஆறிலும் அதே 16.29 கிராம். கையில் வாங்கிப் பார்த்தால் யாருக்கும் இது தெரியாது. பத்துக் காசில் 1941-ஐச் சேர்ந்த பன்னிரண்டும் சேர்ந்து 24.39 கிராம்; 1945-ஐச் சேர்ந்த எட்டும் சேர்ந்து 10.84 கிராம். (அந்தப் பன்னிரண்டு பத்துக் காசையும் விலை பேசும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்: 1941-இல் ரப்பர் தோட்டத்தில் ஆண்களுக்கு ஒரு நாள் கூலி சுமார் ஐம்பது காசு. உங்கள் தாத்தா இரண்டு நாளுக்கு மேல் பால்வெட்டிய கூலியைச் செலவழிக்காமல் எடுத்து வைத்திருக்கிறார்.)

அடுத்தது டாலர். இரண்டிலும் ‘ஒரு டாலர்’ என்றுதான் போட்டிருக்கிறது, ஆனால் 1904 டாலரில் இருக்கும் வெள்ளியில் மூன்றில் ஒரு பங்குதான் 1920 டாலரில். காரணம் வெள்ளியின் விலை. 1903-இல் ஸ்ட்ரெய்ட்ஸ் அரசு சொந்த டாலர் அடித்தபோது, அதுவரை இங்கே புழங்கிய மெக்சிகோ டாலர், பிரிட்டிஷ் வணிக டாலர் ஆகியவற்றின் அளவிலேயே அடித்தது: 26.95 கிராம், 90 பங்கு வெள்ளி. பிறகு வெள்ளி விலை ஏறியது. 1906-இல் டாலரின் மதிப்பை பிரிட்டிஷ் பணத்தில் இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ் என்று நிலைநிறுத்தினார்கள். உள்ளே இருக்கும் வெள்ளி அந்த மதிப்பைத் தாண்டினால் மக்கள் காசை உருக்கிவிடுவார்கள் அல்லவா? அதனால் 1907-இல் டாலர் 20.21 கிராமாகச் சிறுத்தது. முதல் உலகப் போருக்குப் பின் வெள்ளி மறுபடியும் எகிறியது. 1919 முதல் வந்த டாலர் 16.85 கிராம், வெள்ளி 50 பங்குதான். உங்கள் 1904 டாலரில் 24.26 கிராம் வெள்ளி. 1920 டாலரில் 8.43 கிராம்.

சில்லறையும் இதே வழியில் இறங்கியது. ஸ்ட்ரெய்ட்ஸ் பத்துக் காசும் இருபது காசும் விக்டோரியா காலத்தில் 80 பங்கு, பிறகு 60, போர் முடியும் சமயத்தில் 40, 1926-இல் மறுபடி 60. 1920 ஐந்து காசில் வெள்ளிக் காசும் உண்டு, செம்பு-நிக்கல் காசும் உண்டு. உங்கள் டின்னில் இவை இல்லை. உறவினர் வீட்டில் இருந்தால் இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த டின்னின் உண்மையான கனம் ரூபாயில் இருக்கிறது. ஊரிலிருந்து வந்தவர்கள் முடிச்சில் கொண்டுவந்ததும், ஊருக்கு அனுப்பாமல் மிச்சம் பிடித்ததும் அதுதானே. பிரிட்டிஷ் இந்திய ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அந்தத் தரம் அவ்வளவு நம்பகமாக இருந்ததால் ஆசாரிகள் ரூபாயையே எடைக்கல்லாக வைத்தார்கள். ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர் இளைத்த அதே காலத்தில் ரூபாய் இளைக்கவில்லை. இரண்டாம் உலகப் போர்தான் அதை அசைத்தது: 1940 முதல் 1945 வரை வந்த ரூபாயில் வெள்ளி பாதி, மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். 1947 ரூபாய் முழுக்க நிக்கல். பின்புறம் புலி நிற்கும், காந்தத்தில் ஒட்டும்.

ஆக, விக்டோரியாவும் ஐந்தாம் ஜார்ஜும் சேர்ந்த ஆறு ரூபாயில் 64.15 கிராம். 1940-களின் மூன்றும் 1947-க்கு முந்தியவை என்றால் அவற்றில் 17.49 கிராம்.

எல்லாவற்றையும் கூட்டினால் 182 கிராம். காசு புழங்கித் தேய்ந்திருக்கும், அதற்காக இரண்டு மூன்று கிராம் குறைத்துக்கொள்ளுங்கள். சுமார் 180 கிராம் சுத்த வெள்ளி என்பது என் பதில். அரைக் கிலோ டின்னில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இதில் இன்னொன்றும் கவனியுங்கள்: ஒன்பது ரூபாய், ஒரு 1904 டாலர், ஆகப் பத்தே நாணயங்களில் 106 கிராம் இருக்கிறது. பாதிக்கு மேல்! மொத்தத்துக்கும் ஒரே விலை பேசும் கடைக்காரர், தனக்கு நஷ்டம் வராதபடி இறக்கித்தான் பேசுவார். அந்தப் பேரத்தில் அடிபடுவது இந்தப் பத்தும்தான். கொடுக்காதீர்கள்.

விலையைத் தெரிந்துகொள்ளும் வழி இது. உலகச் சந்தையில் வெள்ளியை டிராய் அவுன்ஸ் கணக்கில் சொல்வார்கள். ஒரு டிராய் அவுன்ஸ் 31.1 கிராம். அன்றைய அமெரிக்க டாலர் விலையை ரிங்கிட்டாக்கி 31.1-ஆல் வகுத்தால் ஒரு கிராம் சுத்த வெள்ளியின் விலை. கடையில் அதைவிடக் குறைத்துத்தான் தருவார்கள்; பாதி வெள்ளி உள்ள காசை உருக்கிப் பிரிக்கச் செலவு அதிகம் என்பதால் 1940-களின் காசுகளுக்கு இன்னும் குறையும். அது நியாயமே. ஆனால் நல்ல ரூபாய்க்கும் அதே குறைந்த கணக்கைப் போட்டால் மறுத்துவிடுங்கள்.

1904 டாலரை மட்டும் சோதித்தே ஆக வேண்டும். பெரிய டாலர்களில் போலி ஏராளம், ஈப்போ ஞாயிறு சந்தையிலும் சாதாரணமாகக் கிடைக்கும். 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை. 26.95 கிராமுக்கு மிக அருகில் இருக்க வேண்டும். ஒரு கிராமுக்கு மேல் குறைந்தால் சந்தேகப்படுங்கள்.

எடை சரியாக இருந்தால் தண்ணீர்ச் சோதனை. தராசின் மேல் அரைக் குவளைத் தண்ணீர் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். டாலரை மெல்லிய நூலில் கட்டி, குவளையின் அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். காசில் ஒட்டிய காற்றுக் குமிழைத் தட்டிவிடுங்கள். இப்போது தராசு 2.6 என்று காட்டினால் 90 பங்கு வெள்ளிக்குச் சரி. 3-ஐ எட்டினால் உள்ளே இருப்பது செம்பு-நிக்கல் போன்ற வேறு உலோகம். ரூபாய்க்கும் இதைச் செய்யலாம்: பழைய ரூபாய் 1.13, 1940-களின் ரூபாய் 1.22 அளவில் காட்டும். பத்துக் காசுக்குச் செய்யாதீர்கள். அவ்வளவு சின்னதில் தராசின் பிசகே வித்தியாசத்தை விழுங்கிவிடும்.

காந்தத்தை நம்பி முடிவு கட்ட வேண்டாம். வெள்ளி ஒட்டாது, செம்பு-நிக்கலும் ஒட்டாது. ஒட்டினால் போலி அல்லது நிக்கல் என்று ஒதுக்கத்தான் அது உதவும். நகைக்கடையில் உலோகத் தரம் பார்க்கும் எந்திரம் மேற்பரப்பை மட்டும் படிக்கிறது. பாதி வெள்ளிக் காசுகளை அடிக்கும்போது அமிலத்தில் போட்டு வெளுக்க வைப்பார்கள்; அதனால் மேல்தோலில் வெள்ளி கூடுதலாக இருக்கும், எந்திரமும் கூட்டிச் சொல்லும். உங்கள் 1945 இருபது காசை வெயிலில் சாய்த்து அரசரின் கன்னத்தைப் பாருங்கள். அந்தத் தோல் தேய்ந்த மேட்டில் லேசாக மஞ்சள் தட்டும். 1939 காசில் அப்படித் தெரியாது.

உருக்கக் கொடுப்பதற்கு முன் ஆண்டுகளை இன்னொரு முறை பாருங்கள். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் ஐந்தில் 1911 இருக்கிறதா? அரசரின் அங்கியில் பொறித்த யானை பன்றி மாதிரி தெரிகிறது என்று எதிர்ப்பு வந்து அதைத் திரும்பப் பெற்றார்கள். இருந்தால் அதை வெள்ளி விலைக்குக் கொடுக்கவே கூடாது. 1904 டாலரும் நல்ல நிலையில் இருந்தால் சேகரிப்பவர்கள் வெள்ளி விலைக்கு மேல் தருவார்கள். யாராவது 1939 இந்திய ரூபாய் என்று விற்க வந்தால் வாங்காதீர்கள். உண்மையானது மிக அரிது, போலிதான் சந்தையில் அதிகம்.

விளக்குவது பற்றிக் கேட்டீர்கள். தயவுசெய்து புளி, திருநீறு, பற்பசை எதையும் கிட்டே கொண்டு போகாதீர்கள். குத்துவிளக்குக்கு அது சரி. காசில் அது மெல்லிய கீறல்களைப் போட்டு, பல வருடங்களாகப் படிந்த கருமையையும் எடுத்துவிடும். சேகரிப்பவர் அதைக் கண்டதும் விலையைப் பாதியாக்குவார். பிசுக்கு இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு அலசி, தேய்க்காமல் மெத்தென்ற துணியில் ஒற்றி எடுங்கள்.

தம்பியோடு பங்கு பிரிப்பதானால் எடையில் பிரிக்க வேண்டாம். ரூபாயில் ஆளுக்குப் பாதி, 1941 பத்துக் காசில் பாதி என்று வகைக்கு வகை பிரியுங்கள். 1904 டாலர் ஒருவருக்கு என்றால் மற்றவருக்கு இரண்டு பழைய ரூபாயைக் கூடுதலாகக் கொடுத்தால் வெள்ளிக் கணக்கு ஏறக்குறைய நேராகும்.

அப்புறம், அந்த ரப்பர் பேண்டுகளை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ரப்பரில் சேர்க்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். பேண்ட் பட்ட இடத்தில் கறுப்புக் கோடு விழுந்தால் போகாது. மென்மையான, நெடி அடிக்கும் பிளாஸ்டிக் ஆல்பமும் வேண்டாம், நம் ஊர்ப் புழுக்கத்தில் அது கசிந்து காசில் பச்சையாக ஒட்டும். ஒவ்வொரு வகையையும் தனிக் காகித உறையில் போட்டு, உறையின் மேல் ஆண்டையும் எண்ணிக்கையையும் எழுதி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு அதே டின்னில் வையுங்கள். உறையில் எழுதுவது காசை உள்ளே போடுவதற்கு முன் இருக்கட்டும்.