வாசகர் கேள்வி–பதில்: கொடி ஏறாத ஆட்சி

கேள்வி: ஏகாதிபத்தியம், காலனியாதிக்கம் இரண்டும் ஒன்றுதானா?

பதில்: இரண்டையும் ஒன்றாகக் கருதுவதால்தான், காலனிகள் விடுதலை பெற்றதுமே ஏகாதிபத்தியமும் மறைந்துவிட்டது என்ற எண்ணம் பரவியிருக்கிறது. இன்னொரு நாட்டின் முக்கிய முடிவுகளைத் தன் நலனுக்கேற்ப அமைத்துக்கொள்ளும் ஆதிக்கமே ஏகாதிபத்தியம். மண்ணைக் கைப்பற்றி நேரடியாக ஆள்வது அதன் ஒரு வடிவம் மட்டுமே. இதை எகிப்தின் வரலாற்றைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை. ஐரோப்பியரிடம் அளவுக்கு மீறிக் கடன் வாங்கிய எகிப்தின் ஆட்சியாளர் இஸ்மாயில், வட்டி கட்ட வழியின்றி, சூயஸ் கால்வாய் நிறுவனப் பங்குகளை 1875இல் ஏறத்தாழ 40 இலட்சம் பவுனுக்குப் பிரிட்டனிடம் விற்றார். அதுவும் போதவில்லை. மறு ஆண்டே அந்நாட்டின் வரவை ஓர் ஆங்கிலேயரும் செலவை ஒரு பிரெஞ்சுக்காரரும் மேற்பார்வையிடத் தொடங்கினர். அயலார் தலையீட்டை எதிர்த்து அகமது உராபி தலைமையில் படையினர் கிளர்ந்தெழுந்தபோது, 1882இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் அலெக்சாந்திரியா நகரைப் பீரங்கியால் தாக்கின; சில வாரங்களில் உராபியின் படையும் தோற்றது. 1883 முதல் 1907 வரை அங்கே உண்மையில் ஆட்சி நடத்திய ஈவ்லின் பேரிங், பதவியளவில் பிரிட்டனின் தலைமைத் தூதர், அவ்வளவுதான். சட்டப்படி எகிப்து 1914 வரை துருக்கியரின் உதுமானியப் பேரரசின் பகுதியாகவே நீடித்தது. அரண்மனையும் அமைச்சரவையும் இருந்தன. ஆனால் முக்கிய விவகாரங்களில் பிரிட்டன் கூறும் ‘ஆலோசனை’யை ஏற்காத அமைச்சர் பதவியில் தொடர முடியாது.

கேள்வி: இதன் நோக்கம் பணம் மட்டும்தானா?

பதில்: பணம்தான் என்று 1902இல் வாதிட்டவர் ஆங்கிலேயப் பொருளியலாளர் ஹாப்சன். உழைப்போரின் வாங்கும் திறன் குறைந்திருப்பதால் உள்நாட்டில் தேங்கும் மூலதனம் வெளிநாடுகளைத் தேடிப் போகிறது என்றும், அதைக் காக்கும் படைச்செலவை நாடு முழுவதும் சுமக்க, இலாபத்தை ஒரு சிறு கூட்டம் அனுபவிக்கிறது என்றும் அவர் விளக்கினார். எகிப்தின் கடன் பத்திரங்களுக்கு இது பெரிதும் பொருந்தும். ஆனால், இத்தாலி எத்தியோப்பியாவின் மீது படையெடுத்து 1896இல் அட்வாவில் படுதோல்வி அடைந்ததை இலாபக் கணக்கால் மட்டும் விளக்க முடியாது. வல்லரசுகளின் வரிசையில் இடம்பிடிக்கும் வேட்கையும் அதில் இருந்தது. ‘நாகரிகம் கற்பிக்கிறோம்’ என்ற பேச்சைப் பொறுத்தவரை, அறப்பணி என்று சொல்லிக் காங்கோவைத் தன் சொந்த உடைமையாக்கிக்கொண்ட பெல்ஜிய மன்னர் லியோபோல்டு, அங்கே ரப்பருக்காக நடத்திய கொடுமைகளே அதற்குப் போதிய மறுமொழி.

கேள்வி: இருப்புப்பாதையும் பள்ளிகளும் நன்மைகள் இல்லையா?

பதில்: இருப்புப்பாதை எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று பாருங்கள். ஆப்பிரிக்காவில் போடப்பட்ட பாதைகளில் பெரும்பாலானவை சுரங்கத்தையும் தோட்டத்தையும் துறைமுகத்தோடு இணைத்தவை. அண்டை நாடுகளை ஒன்றோடொன்று இணைப்பது அவற்றின் நோக்கமாக இருக்கவில்லை. பள்ளிகளில் படித்தவர்களே பின்னாளில் விடுதலை இயக்கங்களை நடத்தினார்கள் என்பது உண்மை, எனினும் ஆட்சியாளர்கள் அதற்காகப் பள்ளி திறக்கவில்லை. விளைவுகளில் நாம் குறைவாகப் பேசுவது கடனைப் பற்றித்தான். அடிமைகளாக இருந்தவர்கள் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துப் போரிட்டு 1804இல் விடுதலை அறிவித்த ஹெய்ட்டியிடம், 1825இல் பிரான்சு போர்க்கப்பல்களை அனுப்பி, தன் முன்னாள் பண்ணையார்களுக்கு இழப்பீடாக 15 கோடி பிராங்க் கேட்டது. 1838இல் அத்தொகை 9 கோடியாகக் குறைக்கப்பட்டாலும், அதற்கு முன்பே முதல் தவணையைச் செலுத்தவே பாரிஸ் வங்கியாளர்களிடம் ஹெய்ட்டி கடன் வாங்க வேண்டியிருந்தது. அதிலிருந்து கிளைத்த கடன்கள் 1947இல்தான் தீர்ந்தன.