4294967297 பகா எண்ணா?

கேள்வி: 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் 4294967297 வருகிறது. 100-க்குள் இருக்கும் பகா எண்கள் எல்லாவற்றாலும் கையாலேயே வகுத்துப் பார்த்துவிட்டேன், ஒன்றிலும் மீதியில்லாமல் போகவில்லை. இது பகா எண்தானே?

பதில்: இல்லை. 641 வரை போயிருந்தால் அகப்பட்டிருக்கும்: 641 × 6700417 = 4294967297. ஆனால் இதற்காக நீங்கள் வருத்தப்பட வேண்டியதில்லை, ஏனென்றால் இதே எண்ணைப் பகா எண் என்றுதான் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மாவும் 1640-இல் நம்பினார். அடுக்கு 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போனால் 3, 5, 17, 257, 65537 என்று ஐந்தும் பகா எண்களாகவே வருகின்றன, ஆறாவது மட்டும் மாறும் என்று யாருக்குத் தோன்றும்? 1732-இல் 25 வயது சுவிஸ் கணித மேதை ஆய்லர்தான் அதை உடைத்தார்.

வரிசையாக எல்லாப் பகா எண்களாலும் வகுத்தால் 641 என்பது 116-ஆவது. ஆனால் இந்த எண்ணை வகுக்கக்கூடிய எந்தப் பகா எண்ணும் 64-இன் மடங்கைவிட 1 கூடுதலாகத்தான் இருக்க முடியும். அப்படிப் பார்த்தால் 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவது முயற்சியிலேயே கிடைத்துவிடுகிறது! இந்த விதி ஃபெர்மாவின் சொந்தத் தேற்றத்திலிருந்தே வந்துவிடும், அவர் கையில் இருந்த கருவிதான். அவர் எப்படி இதைத் தவறவிட்டார் என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

வகுக்காமலேயே காட்டவும் ஒரு வழி உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. 641 என்பது 625 + 16, அதாவது 5-இன் நான்காம் அடுக்கும் 2-இன் நான்காம் அடுக்கும் சேர்ந்தது. அதே 641 என்பது 5 × 128 + 1-உம்கூட. இப்போது 2-இன் 32-ஆம் அடுக்கை 16 × (2-இன் 28-ஆம் அடுக்கு) என்று பிரியுங்கள். 16-க்குப் பதில் 641 − 625 என்று போடுங்கள். 2-இன் 28-ஆம் அடுக்கு என்பது 128-இன் நான்காம் அடுக்குதானே, அதனால் 625-ஓடு அது சேர்ந்து 640-இன் நான்காம் அடுக்காகிவிடும். ஆக, நம் எண் = 641-இன் ஒரு மடங்கு − (640-இன் நான்காம் அடுக்கு − 1). அடைப்புக்குள் இருப்பதை 640 + 1 வகுக்கும், சரியா? முடிந்தது.

6700417-உம் பகா எண்தான். கையால் வகுப்பதில் உங்களுக்குப் பொறுமை இருப்பதால் சொல்கிறேன், அதையும் நீங்களே சரிபார்க்கலாம். வர்க்கமூலம் 2588-ஐ ஒட்டி வரும், அதற்கு மேல் போக வேண்டியதில்லை. இதை வகுக்கும் பகா எண் நம் பெரிய எண்ணையும் வகுக்கும் என்பதால் அதே 64 விதி இங்கும் பொருந்தும். 641-ஐ இன்னொரு முறை போட்டுப் பார்த்துவிட்டு, அதிலிருந்து 64, 64-ஆகக் கூட்டிக்கொண்டே போங்கள். மொத்தம் 30 எண்கள், அதிலும் பாதிக்கு மேல் பகா எண்களே அல்ல.