தூதர், ஆலோசகர், பொறியாளர்: கருத்தரங்குக்கு யாரைக் கூப்பிடுவது?

கேள்வி: திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பொருளியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். 'சர்வதேச வளர்ச்சி ஒத்துழைப்பு' என்ற தலைப்பில் ஒருநாள் கருத்தரங்கு நடத்தப்போகிறோம். ஐந்து பேருடைய பயோடேட்டா கையில் இருக்கிறது. ஓய்வுபெற்ற தூதர் ஒருவர், 'உலக வங்கி ஆலோசகர்' ஒருவர், தொண்டு நிறுவன இயக்குநர் ஒருவர், பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர். ஐந்தாமவர் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்ற பொறியாளர். 'ஜைக்கா நிதியுதவி பெற்ற குடிநீர்த் திட்டத்தில் செயற்பொறியாளர்' என்று இரண்டே வரி எழுதியிருக்கிறார் (ஜைக்கா, ஜப்பான் அரசின் வளர்ச்சி உதவி நிறுவனம்). நான்கு பேருக்குத்தான் நிதி இருக்கிறது. பொறியாளரை விட்டுவிடலாம் என்கிறார் எங்கள் முதல்வர். இந்த பயோடேட்டாக்களை எப்படிப் படிப்பது, யாரிடம் என்ன பேசச் சொல்வது?

பதில்: பொறியாளரை விட்டுவிடாதீர்கள். யாரை நிறுத்தலாம் என்பதை அப்புறம் பார்ப்போம்.

முதல்வர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அழைப்பிதழில் 'முன்னாள் தூதர்' என்று போட்டால் அரங்கு நிறையும், செய்தித்தாளில் படமும் வரும். ஆனால் டாக்டருக்கும் வக்கீலுக்கும் இருப்பதுபோல இந்தத் துறைக்குப் பதிவு எண் எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் வளர்ச்சி நிபுணர் என்று போட்டுக்கொள்ளலாம். வருகிறவர்களும் எங்கெங்கோ இருந்து வருகிறார்கள். 1968 முதல் 1981 வரை உலக வங்கியின் தலைவராக இருந்த ராபர்ட் மெக்னமாரா, அதற்கு முன் ஃபோர்டு கார் கம்பெனியின் தலைவர், பிறகு அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர். அதே நாற்காலிக்கு 2012இல் வந்த ஜிம் யோங் கிம் மருத்துவர். 2023இல் வந்த அஜய் பங்கா மாஸ்டர்கார்டை நடத்தியவர். ஜைக்காவுக்கு 2003 முதல் 2012 வரை தலைவராக இருந்த சடாகோ ஒகாட்டா பேராசிரியர், அப்புறம் ஐ.நா. அகதிகள் உயர் ஆணையர். வங்கதேசத்தில் 1972இல் பிராக் என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கிய ஃபசலே ஹசன் அபேத், ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் கணக்கு வழக்கு பார்த்தவர்.

எங்கே போனாலும் பழைய தொழில் கூடவே போகும். 1980களில் பிராக் ஊழியர்கள் வீடுவீடாகப் போய், வயிற்றுப்போக்குக்கு உப்பும் வெல்லமும் கரைத்துக் கொடுக்கும் முறையைத் தாய்மார்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். எத்தனை வீடு ஏறி இறங்கினார்கள் என்று பார்த்து அவர்களுக்குச் சம்பளம் போடவில்லை. பிறகு வேறொருவர் போய்ச் சில தாய்மார்களிடம் கேட்டுப் பார்ப்பார்; எத்தனை பேருக்கு அளவு சரியாக நினைவிருக்கிறது என்பதை வைத்து ஊதியம். கணக்குப் பார்த்துப் பழகிய ஆள் தலைமையில் இருந்ததால் வந்த ஏற்பாடு இது என்றுதான் எனக்குத் தோன்றும்.

ஆகவே பயோடேட்டாவில் நீங்கள் முதலில் தேட வேண்டியது பதவியை அல்ல. பணம் போன வழியில் இவர் எங்கே உட்கார்ந்திருந்தார்? கொடுத்த பக்கமா, வாங்கிய பக்கமா, நடுவில் நின்று வேலையை முடித்துக் கொடுத்த பக்கமா, எல்லாம் முடிந்தபின் வந்து அளந்து பார்த்த பக்கமா? கல்யாணச் சாப்பாடு எப்படி என்று பெண் வீட்டாரைக் கேட்டால் ஒரு பதில், சமையல்காரரைக் கேட்டால் ஒரு பதில், கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவரைக் கேட்டால் வேறு பதில். யாரும் பொய் சொல்வதில்லை.

ஓர் உண்மையான திட்டத்தை வைத்துப் பார்ப்போம். போருக்குப் பின் இலங்கையில் இந்திய அரசு 50,000 வீடுகளுக்கு மானியம் கொடுத்தது. பெரும்பங்கு வடக்கு கிழக்கில், மிச்சம் மலையகத்தில். சோதனைக் கட்டமாக முதல் 1,000 வீடுகளை ஒப்பந்தக்காரர்கள் கட்டினார்கள். 2012இல் முறை மாறியது. வடக்கு கிழக்கில் புது வீடு கட்டும் குடும்பத்துக்கு 5,50,000 இலங்கை ரூபாய். வேலை நகர நகரத் தவணை தவணையாக அவர்கள் வங்கிக் கணக்குக்கே வரும். கட்டிக்கொள்வது குடும்பத்தின் பொறுப்பு. ஐ.நா. குடியமர்வுத் திட்டம், செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அமைப்புகள் கூடவே இருந்து வழிநடத்தின.

இதைப் பற்றிப் பேச கொழும்பு இந்தியத் தூதரகத்தில் இருந்த அதிகாரி ஒருவரைக் கூப்பிட்டால், ஏன் கடனாக இல்லாமல் மானியமாகக் கொடுத்தோம், ஏன் பணத்தை நேரே குடும்பத்திடம் கொடுத்தோம் என்று அழகாகச் சொல்வார். களத்தில் இருந்த ஐ.நா. பொறியாளர், அத்திவாரம் முடிந்ததற்கு எப்படிச் சான்று கொடுத்தார்கள், ஒரு தவணை எங்கே சிக்கியது என்று சொல்வார். கிளிநொச்சியில் அந்தப் பணத்தில் வீடு கட்டிய அம்மாவைக் கேட்டால், ஊரே ஒரே நேரத்தில் வீடு கட்டும்போது மேசன் கிடைத்தாரா, மணல் என்ன விலைக்குப் போனது, கூரை போடுவதற்குள் காசு தீர்ந்ததா என்று பேச்சு போகும். நான் பார்த்த கருத்தரங்குகளில் முதலாமவர் கட்டாயம் இருப்பார், இரண்டாமவர் எப்போதாவது வருவார், மூன்றாமவருக்கு அழைப்பே போயிருக்காது.

சரி, உங்கள் ஐவருக்கு வருவோம்.

தூதரைக் கட்டாயம் கூப்பிடுங்கள், ஆனால் தொடக்க உரைக்கு. இந்தியா வாங்கும் நாடு மட்டும் அல்ல என்பது உங்கள் மாணவர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. வெளிநாட்டு அதிகாரிகளுக்கு இங்கே பயிற்சி தரும் ஐடெக் திட்டம் 1964இலேயே தொடங்கிவிட்டது. அரசின் ஏற்றுமதி இறக்குமதி வங்கியான எக்ஸிம் வங்கி வழியாகப் பிற நாடுகளுக்குக் கடன் போகிறது. இதையெல்லாம் ஒரு குடைக்குள் கொண்டுவர வெளியுறவு அமைச்சகத்தில் 2012இல் தனிப் பிரிவே வந்தது. பயோடேட்டாவில் இவர் எந்த நாட்டில், எந்த ஆண்டுகளில் இருந்தார் என்று பாருங்கள். நேபாளம், கொழும்பு, ஆப்பிரிக்க நாடுகள் என்றால் திட்டங்களைக் கண்ணால் பார்த்திருப்பார். ஐரோப்பியத் தலைநகரங்கள் மட்டும்தான் என்றால் கொள்கை பேசுவார், அதுவும் தவறில்லை. நல்லுறவு, நட்பு என்று உரை மேலேயே மிதந்தால், "திறப்பு விழா முடிந்து ஐந்து வருஷம் கழித்து அதை யார் பராமரித்தார்கள்?" என்று ஒரு மாணவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

'உலக வங்கி ஆலோசகர்' என்பதைத்தான் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். இது முழுநேர ஊழியராக இருபது வருஷம் இருந்தவரையும் குறிக்கும், ஓர் அறிக்கைக்கு மூன்று வாரம் வேலை பார்த்தவரையும் குறிக்கும். குறுகிய கால ஆலோசகர் என்று வங்கியில் ஒரு வகை உண்டு. ஆண்டுக்கு 150 நாளுக்கு மேல் வேலை தர மாட்டார்கள். இன்னொரு வகையில், வங்கிக் கடனில் நடக்கும் திட்டத்துக்காக மாநில அரசு நியமித்த ஆலோசகரும் தன்னை அப்படியே எழுதிக்கொள்வார். சம்பளம் கொடுத்தது அரசு, பெயர் வங்கியுடையது. இதில் இழுக்கு ஒன்றும் இல்லை. குறுகிய காலம் வந்தவர்களில் அபாரமான ஆட்கள் உண்டு. ஆனால் வங்கி உள்ளே எப்படி முடிவெடுக்கிறது என்று பேச உங்களுக்கு ஆள் வேண்டுமென்றால் இந்த வித்தியாசம் முக்கியம். மின்னஞ்சலில் நேராகக் கேளுங்கள்: எந்தத் திட்டம், எந்த ஆண்டு, ஒப்பந்தம் யாரோடு? உள்ளபடி வேலை செய்தவர் பத்து நிமிஷத்தில் பதில் போடுவார்.

இதில் ஒரு குழப்பமும் உண்டு. உலக வங்கியின் 'நிர்வாக இயக்குநர்' வங்கியை நிர்வகிப்பவர் அல்ல. இயக்குநர் குழுவின் 25 பேரில் ஒருவர், நாடுகளின் பிரதிநிதி. இந்தியா, இலங்கை, வங்கதேசம், பூட்டான் நான்குக்கும் சேர்த்து ஒருவர். சிலர் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவர்கள். பரமேஸ்வரன் ஐயர் ஐ.ஏ.எஸ். அதிகாரி, உலக வங்கியில் குடிநீர், சுகாதாரப் பணி பார்த்தார், 2016இல் மத்திய அரசுச் செயலராகத் திரும்பி வந்து தூய்மை இந்தியா திட்டத்தை நடத்தினார், பின்னர் இந்தியாவின் சார்பில் அதே வங்கியின் நிர்வாக இயக்குநர் ஆனார். இப்படிப்பட்டவர் பேச வந்தால் எந்த நாற்காலியில் இருந்தபோது நடந்ததைச் சொல்கிறார் என்று அடிக்கடி கேட்டுக்கொள்ள வேண்டும்.

பயோடேட்டாவில் மூடிப்போன நிறுவனங்களின் பெயர் இருந்தால் தயங்காதீர்கள். பிரிட்டனின் வளர்ச்சி உதவித் துறையான டிஃபிட் 2020இல் வெளியுறவுத் துறையோடு கரைந்தது. அமெரிக்காவின் உதவி நிறுவனமான யு.எஸ்.எய்ட் 1961 முதல் இருந்துவிட்டு 2025இல் கலைக்கப்பட்டது. அங்கே வேலை பார்த்தவர்களுக்கு இன்று காப்பாற்ற வேண்டிய நிறுவனம் எதுவும் இல்லை. மனம் விட்டுப் பேசுவார்கள்.

தொண்டு நிறுவன இயக்குநரிடம் 2020ஐப் பற்றிக் கேளுங்கள். அந்த ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். வெளிநாட்டுப் பணம் டில்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரு குறிப்பிட்ட கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை போகலாம் என்று இருந்தது 20 சதவீதம் ஆனது. வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. பெரிய நிறுவனம் வாங்கி கிராமத்துச் சிறு அமைப்புகளுக்குப் பகிர்ந்த முறை அதோடு நின்றது. அவருடைய நிறுவனத்தில் அப்போது என்ன நடந்தது, எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று சொன்னாலே ஒரு அமர்வு ஓடிவிடும். 'மக்கள் பங்கேற்பு' என்று பொதுவாகத் தலைப்பு கொடுத்தால் பொதுவாகத்தான் பேசுவார்.

பேராசிரியர் உங்களைப் போன்றவர், அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய கட்டுரைகளில் களத்தில் எடுத்த தரவு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இனி பொறியாளர். அவர் இரண்டு வரி எழுதியதில் வியப்பில்லை. வாரியத்தில் பதவி உயர்வுக்குப் பணிப் பதிவேடு போதும், பயோடேட்டா எழுதும் பழக்கமே வராது. அந்த இரண்டு வரியில் உங்கள் கருத்தரங்கின் பாதி இருக்கிறது.

அவர் சொல்வது ஒகேனக்கல் திட்டம் என்று வைத்துக்கொள்வோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. பல்லில் கறை, எலும்பில் பாதிப்பு. காவிரி நீரைக் கொண்டுபோக ஜப்பான் கடன். 2008இல் முதல் ஒப்பந்தம் போட்டபோது கடன் கொடுத்தது ஜே.பி.ஐ.சி. என்ற வங்கி, அதே ஆண்டு அக்டோபரில் அந்த வங்கியின் உதவிக் கடன் பிரிவு ஜைக்காவோடு சேர்ந்தது. பழைய கோப்பில் ஒரு பெயரும் புதிய கோப்பில் இன்னொரு பெயரும் இருந்தால் இரண்டு திட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். 2013இல் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது.

இப்படி ஒரு திட்டத்தில் செயற்பொறியாளராக இருந்தவருக்குத் தெரிந்தது பாடப்புத்தகத்தில் வராது. நிலம் எடுக்கும் செலவும் வரிகளும் ஜைக்கா கடனில் சேராது, மாநிலம் தன் கையிலிருந்து போட வேண்டும். பெரிய டெண்டர் என்றால் கடன் கொடுத்தவர்களின் 'நோ அப்ஜெக்‌ஷன்' (ஆட்சேபணை இல்லை என்ற ஒப்புதல்) வரும்வரை காத்திருக்க வேண்டும். பல திட்டங்களில் மாநிலம் முதலில் செலவு செய்துவிட்டு, டில்லியில் நிதி அமைச்சகத்தின் வெளியுதவிக் கணக்கு அலுவலகம் வழியாகத் திரும்பப் பெறும். 'மிஷன் வருது', அதாவது கடன் கொடுத்தவர்களின் ஆய்வுக் குழு வருகிறது என்றால் அலுவலகம் முழுக்க இரவு வரை விளக்கு எரியும். கோப்பு, புகைப்படம், முன்னேற்ற அட்டவணை எல்லாம் தயாராக வேண்டும். வந்தவர்கள் எதைப் பார்த்தார்கள், எதைப் பார்க்காமலே போனார்கள்? கடன் யென்னில் இருக்க, மதிப்பு ஏறி இறங்கியதைக் களத்தில் உணர்ந்தார்களா? கடன் முடிந்தபின் பம்ப் ஓட மின்கட்டணம் யார் கட்டுகிறார்கள்? இந்தக் கேள்விகளுக்கு உங்கள் ஐவரில் இவர் ஒருவர்தான் பதில் சொல்ல முடியும்.

ஒரே சிக்கல், அவரிடம் '45 நிமிடம் உரையாற்றுங்கள்' என்றால் பயந்து அரசுக் குறிப்பை வாசித்துவிடுவார். உரை வேண்டாம், உரையாடல் என்று சொல்லிவிடுங்கள். மேலே உள்ள கேள்விகளை முன்கூட்டியே அனுப்பிவிட்டு, நீங்களே மேடையில் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பழைய வரைபடம், களப் புகைப்படம் இருந்தால் எடுத்து வரச் சொல்லுங்கள். பேச்சு மதியச் சாப்பாட்டுக்கு முன் இருக்கட்டும், தமிழிலேயே இருக்கட்டும்.

நான்கு பேருக்குத்தான் பணம் என்பதால், பேராசிரியரை இணையவழியில் வரச் சொல்வேன்; அவர் உரைக்கு அதனால் குறைவு ஒன்றும் வராது. ஆலோசகர் மின்னஞ்சலுக்கு மழுப்பலாகப் பதில் போட்டால் அவர் இடத்தைப் பேராசிரியருக்குக் கொடுத்துவிடலாம். ஐவரும் ஆண்களா என்று நீங்கள் எழுதவில்லை; அப்படி இருந்தால் ஆறாவதாக ஒரு பெயர் தேடுவது நல்லது. தமிழ்நாட்டில் 1980இல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், மாதாமாதம் குழந்தைகளை எடை போட்டு, எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு கொடுத்த ஊட்டச்சத்துப் பணியாளர்கள் பெண்கள்தான். வயதாகியிருக்கும், ஆனால் உங்கள் மாவட்டத்திலேயே விசாரித்துப் பாருங்கள்.

பயணப்படியைப் பொறியாளருக்கு அன்றைக்கே கையில் கொடுத்துவிடுங்கள். தூதரின் உதவியாளர் நினைவூட்டி மின்னஞ்சல் போடுவார். இவர் கேட்கவே மாட்டார்.