குடும்ப மருத்துவத்தில் சேரலாமா? அதில் ஆராய்ச்சிக்கு வழி இருக்கிறதா?

எம்.பி.பி.எஸ். முடித்தாயிற்று, குடும்ப மருத்துவத்தில் டி.என்.பி. (எம்.டி. போன்ற மேற்படிப்பு) இடம் கிடைக்கும்போல் இருக்கிறது, வீட்டில் "மூணு வருஷம் படிச்சும் சளி, காய்ச்சல்தானே பாக்கப் போறே" என்கிறார்கள், பின்னாளில் ஆராய்ச்சி செய்யவும் ஆசை, அதற்கு இங்கே வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே படிப்பைப் படித்தவள். பத்து வருடத்துக்கு மேலாகத் திருவண்ணாமலைப் பக்கம் ஒரு சின்ன ஊரில் கிளினிக் வைத்திருக்கிறேன். தாராளமாகச் சேருங்கள். ஆராய்ச்சி பற்றிய சந்தேகம் எனக்கும் இருந்தது என்பதால் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

முதலில் ஒரு பழைய கணக்கு. 1961-ல் கெர் வைட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சகாக்கள் இருவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். பெரியவர்கள் 1000 பேரை எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதாவது ஓர் உபாதை வருகிறது. 250 பேர் டாக்டரிடம் போகிறார்கள். 9 பேர் ஆஸ்பத்திரியில் சேருகிறார்கள். பல்கலைக்கழக மருத்துவமனை வரை போய்ச் சேருகிறவர் ஒரே ஒருவர். நம் அரசு மருத்துவக் கல்லூரி ஓ.பி.யில் இருமலுக்கும் வரிசையில் நிற்கிறார்கள், அதனால் இந்தக் கணக்கு இங்கே அப்படியே பொருந்தாதுதான். ஆனாலும் நமக்குப் பாடம் நடத்துவது வார்டில் படுத்திருப்பவரை வைத்து. நாம் படித்த புத்தகமும் அந்த ஒருவரைப் பார்த்து எழுதியதுதான். மீதி 249 பேரின் தலைவலியும் கிறுகிறுப்பும் எப்படித் தொடங்குகின்றன, எத்தனை தானாகவே சரியாகின்றன, எது எப்போது விபரீதமாகிறது என்பதெல்லாம் கிளினிக்கில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே தெரியக்கூடிய விஷயம். நரம்பியல் துறைக்கு வரும் தலைவலியும் என்னிடம் வரும் தலைவலியும் ஒன்றல்ல. அங்கே தேடவேண்டியதை இங்கே எல்லோரிடமும் தேடினால் ஸ்கேனுக்கே அவர்கள் நகையை அடகு வைக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் என் கிளினிக்கில் நடந்தது ஒன்று. சர்க்கரைக்கு என்னிடம் மாத்திரை வாங்கும் ஆயா ஒருவர். மாதாமாதம் தவறாமல் வருவார், சர்க்கரை மட்டும் இறங்கவே இறங்காது. இரண்டு முறை மாத்திரையைக் கூட்டியிருந்தேன். மூன்றாம் முறை இன்சுலின் எழுதிவிடலாம் என்று பேனாவைத் திறந்துவிட்டேன். அந்தச் சமயத்தில்தான் இரண்டு ஆய்வுகளைப் படித்திருந்தேன். ஒன்று 1984-ல் அமெரிக்காவில் செய்தது: நோயாளி பேச ஆரம்பித்து சராசரியாக 18 நொடியில் டாக்டர் குறுக்கே பேசிவிடுகிறார். இன்னொன்று 2002-ல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகர மருத்துவமனையில் செய்தது: குறுக்கிடாமல் விட்டால் நோயாளிகள் சராசரியாக 92 நொடிதான் பேசுகிறார்கள், முக்கால்வாசிக்கும் மேற்பட்டவர்கள் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். சரி, செய்துதான் பார்ப்போமே என்று பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

ஆயா முட்டிவலியைச் சொன்னார். ஆடு குட்டி போட்டதைச் சொன்னார். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பழைய சீட்டை முந்தானை நுனியில் முடிந்துகொண்டே, என்னைப் பார்க்காமல், "தாத்தாவுக்கும் இதே சக்கரதான டாக்டரம்மா. காலைல நான் போட்டுக்குவேன், ராத்திரிக்கி உள்ளத அவருக்குக் குடுத்துடுவேன். அவரால எங்க நடந்து வர முடியுது?" என்றார்.

ஒருவர் சீட்டில் இருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் இன்சுலின் எழுதியிருந்தால் அந்த ஊசியையும் பங்கு போட்டிருப்பார்களோ என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை சில்லிடுகிறது. அடுத்த வாரம் தாத்தாவை வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். வீடு தேடி வந்து மாத்திரை தரும் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவர் பெயரும் சேர்ந்தது. இப்போது தன்னார்வலர் அவருக்கென்று தனியாக மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிறார். ஆயாவுக்கு இன்சுலின் தேவைப்படவில்லை.

அன்றிலிருந்து சர்க்கரை, பிரஷர் என்று வரும் ஒவ்வொருவரிடமும் "உங்க மாத்திரைய வீட்ல வேற யாராவது சாப்பிடறாங்களா?" என்று கேட்டு, பதிலை ஒரு நீள நோட்டில் எழுத ஆரம்பித்தேன். கேட்டால் சொல்கிறார்கள். அக்காவுக்கு, மாமியாருக்கு, பக்கத்து வீட்டுக்கு. எந்தப் பாடப் புத்தகத்திலும் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதுதான். இந்தத் துறையில் ஆராய்ச்சிக் கேள்வி நாற்காலிக்கு எதிரே ஸ்டூலில் வந்து உட்காருகிறது.

அதை வாழ்நாள் முழுக்கச் செய்து காட்டியவர் ஜூலியன் டியூடர் ஹார்ட். தெற்கு வேல்ஸில் கிளின்கோரூக் என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் 1961-ல் டாக்டராகப் போய்ச் சேர்ந்தார். நோய் வந்து வருபவரை மட்டும் பார்க்காமல், 1968 முதல் ஊரில் இருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் ஒருவர் விடாமல் ரத்த அழுத்தம் பார்த்தார். தனி முகாமெல்லாம் கிடையாது. வேறு எதற்கோ கிளினிக்குக்கு வருபவரை அப்படியே உட்காரவைத்துப் பார்ப்பார், வராதவரைத் தேடிப் போவார். 1971-ல் லான்செட் இதழில் அவர் எழுதியதைத்தான் இன்றும் உலகம் முழுவதும் மேற்கோள் காட்டுகிறார்கள்: நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கு அது குறைவாகக் கிடைக்கிறது. ஆனால் எனக்குப் பிடித்தது அவருடைய 1991-ஆம் வருடக் கட்டுரை. 25 வருடக் கணக்கு அது. ரத்தக்கொதிப்பு இருந்த 116 பேரின் சராசரி அழுத்தம் சிகிச்சைக்கு முன் 186/110, கடைசியாகப் பார்த்தபோது 146/84. அவர்களில் புகைபிடிப்பவர்கள் 56 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள். அதேபோல் ஏழ்மையில் இருந்த பக்கத்துக் கிராமத்தைவிட இவருடைய கிராமத்தில் இறப்பு விகிதமும் குறைவு. எல்லாம் ஒரு பிரஷர் கருவி, நோயாளிகளின் கோப்புகள், ஊரை விட்டுப் போகாத ஒரு டாக்டர், கூடவே உழைத்த ஊழியர்கள் என்ற இவ்வளவை வைத்துத்தான்.

ஊரை விட்டுப் போகாமல் இருப்பதற்கே ஒரு பலன் உண்டு என்று தோன்றுகிறது. நார்வேயில் சுமார் 45 லட்சம் பேரின் பதிவுகளை வைத்து வந்த ஆய்வு இருக்கிறது. ஒரே குடும்ப டாக்டரிடம் 15 வருடத்துக்கு மேல் காட்டி வந்தவர்களையும், ஒரு வருடம் வரை மட்டுமே காட்டியவர்களையும் ஒப்பிட்டார்கள். நீண்ட காலம் காட்டியவர்கள் அவசரமாக மருத்துவமனையில் சேருவது 28 சதவீதம் குறைவு, இறப்பு 25 சதவீதம் குறைவு. பதிவேட்டு ஆய்வு என்பதால் டாக்டர் மாறாததுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வருடம் கூடக் கூடப் பலனும் படிப்படியாகக் கூடுவதைப் பார்த்தால் தள்ளிவிடவும் முடியவில்லை. எனக்கு ஆயாவின் முந்தானைதான் நினைவுக்கு வருகிறது. முதல் மாதமே அவர் அதைச் சொல்லியிருக்க மாட்டார்.

இனி படிப்பைப் பற்றி. இதில் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. டி.என்.பி. மூன்று வருடம். பொது மருத்துவம், குழந்தைகள், மகப்பேறு, அறுவை சிகிச்சை என்று சுற்றி வரவேண்டும். நான் படித்த மருத்துவமனையில் எந்த வார்டில் ஆள் குறைவோ அங்கே எங்களை நிறுத்தினார்கள். குடும்ப மருத்துவர் ஒருவர் நோயாளியைப் பார்ப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்த நாட்கள் மிகக் குறைவு. தீசிஸ் (ஆய்வேடு) கட்டாயம். கிராமத்துக் கிளினிக்குகளுக்கு வருபவர்கள் எதற்காக வருகிறார்கள் என்று எழுத ஆசைப்பட்டேன். "அதுல என்ன இருக்கு?" என்று சொல்லி, ஐ.சி.யூ. நோயாளிகளின் சோடியம் அளவைத் தலைப்பாகக் கொடுத்தார்கள். எழுதினேன், தேறினேன். கிளினிக்குக்கு வந்தபிறகு அதை நான் ஒரு தடவைகூடப் புரட்டியதில்லை.

நான் கேட்ட தலைப்பு அற்பமானதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நோயின் பெயரை மட்டுமல்லாமல், நோயாளி எதற்காக வந்தார் என்பதையும் பதிவதற்கென்றே உலகக் குடும்ப மருத்துவர்கள் அமைப்பு 1987-லேயே ஒரு வகைப்பாட்டை வெளியிட்டிருக்கிறது. "வயிறு ஒரு மாதிரியா இருக்கு" என்பதற்குக்கூட அதில் இடம் உண்டு. இன்று என் நோட்டில் முதல் பத்தி நோயாளி சொன்ன வார்த்தை, இரண்டாவது நான் நினைத்தது, மூன்றாவது மூன்று மாதம் கழித்து அது என்னவாயிற்று என்பது. மூன்றாவது பத்திதான் கஷ்டம், மதிப்பும் அதற்குத்தான். இதைக் கட்டுரையாக வெளியிட நினைத்தால் நோட்டில் பதிய ஆரம்பிக்கும் முன்பே நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கிவிடுங்கள், பின்னால் வாங்க முடியாது.

எல்லா இடமும் நான் படித்த இடம்போல் இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் குடும்ப மருத்துவத் துறை நன்றாக வேரூன்றியிருக்கிறது. ஏற்கெனவே கிளினிக் நடத்தும் டாக்டர்களுக்காகத் தொலைதூரக் கல்வியிலும் ஒரு டிப்ளமோ நடத்துகிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதைக் குறை, நீயே தீர்த்துவைப்பதைக் கூட்டு என்பதுதான் அதன் கொள்கை. டி.என்.பி.க்கு அது ஈடாகாது, ஆனால் அதைப் படித்தவர்களிடம் பேசிப் பாருங்கள். கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.டி.யே இருக்கிறது. இந்தியக் குடும்ப மருத்துவர்கள் அகாடமி நடத்தும் இதழ் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நம்மைப்போன்ற கிளினிக்குகளிலிருந்து வந்த கட்டுரைகள் அதில் உண்டு.

உங்களுக்குக் கிடைக்கவிருக்கும் இடத்தில் கையெழுத்துப் போடும் முன் அங்கே இரண்டாம் வருடம் படிப்பவர் ஒருவரைத் தனியாகப் பிடித்து மூன்று விஷயம் கேளுங்கள். குடும்ப மருத்துவர் யாராவது நேரில் உட்காரவைத்துச் சொல்லித் தருகிறாரா? ஒரே நோயாளியைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்படி உங்களுக்கென்று ஓ.பி. நாள் உண்டா? தீசிஸ் தலைப்பை நீங்களே தேர்ந்தெடுக்கலாமா? மூன்றில் இரண்டுக்கு ஆமாம் என்றால் யோசிக்காமல் சேர்ந்துவிடுங்கள். ஒன்றுக்கும் ஆமாம் வரவில்லை என்றால் அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்த கவுன்சிலிங்கில் வேறு இடம் பாருங்கள், துறையை மாற்ற வேண்டாம்.