கணங்கள் பாடத்தில் "குறைந்தது எத்தனை, அதிகபட்சம் எத்தனை" என்றால் உயர்நிலை மூன்று படிக்கும் மகன் திணறுகிறான். எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

என்னிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளும் பலர் இப்படித்தான். வட்டம் போட்டு நிரப்பும் வென் படக் கணக்கை மளமளவென்று முடிப்பார்கள்; "குறைந்தது" என்று வந்ததும் பேனா நின்றுவிடும். வட்டத்தை விட்டுவிட்டு, தொடக்கப்பள்ளியில் அவன் போட்டுப் பழகிய மாடல் பட்டைக்கு (எண்ணுக்கு ஏற்ற நீளத்தில் வரையும் பட்டைக்கு) திரும்பச் சொல்லுங்கள்.

ஒரு புளோக்கில் 60 தமிழ் வீடுகள் என்று வைத்துக்கொள்வோம் (எண்களெல்லாம் கற்பனை). 38 வீட்டில் தமிழ் முரசு நாளிதழ், 30 வீட்டில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் ஆங்கில நாளிதழ், 6 வீட்டில் இரண்டும் இல்லை. அப்படியானால் ஏதாவது ஒன்றையாவது வாங்குவது 54 வீடு. 38-ஐயும் 30-ஐயும் கூட்டினால் 68 வருகிறது. அதிகப்படியான 14, இரண்டும் வாங்கும் வீடுகளை இருமுறை எண்ணியதால் வந்தது. வென் படத்தில் அந்த 14-ஐ நடுவில் முதலில் எழுதினால் மற்றது தானாக விழும்: முரசு மட்டும் 24, டைம்ஸ் மட்டும் 16. இது உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது "6 வீட்டில் இரண்டும் இல்லை" என்ற தகவலை மட்டும் எடுத்துவிட்டு, அதே 60 வீட்டில் இரண்டும் வாங்குவது குறைந்தது எத்தனை, அதிகபட்சம் எத்தனை என்று கேளுங்கள். வட்டங்கள் எவ்வளவு ஒன்றன்மேல் ஒன்று விழும் என்று படம் சொல்லாது, பட்டை சொல்லும். 60-க்கு ஒரு நீளப் பட்டை. இடது ஓரத்திலிருந்து முரசுக்கு 38, வலது ஓரத்திலிருந்து டைம்ஸுக்கு 30. நடுவில் 8 இடித்தே தீரும், ஏனென்றால் முரசு வாங்காத வீடு 22-தான், 30 அதற்குள் அடங்காது. குறைந்தது 8. அப்புறம் இரண்டையும் இடது ஓரத்திலிருந்தே போடட்டும். 30 முழுவதும் 38-க்குள் போய்விடும், அதிகபட்சம் 30. அவசரத்தில் இங்கே 38 என்று எழுதுவதுதான் அடிக்கடி நான் பார்ப்பது.

டைம்ஸ் 30-க்குப் பதில் 20 என்றால்? 38-ம் 20-ம் சேர்ந்தே 58-தான், பட்டையில் இடிக்காது, குறைந்தது 0. கழித்துப் பார்த்து "மைனஸ் 2 வீடு" என்று விடை எழுதும் பிள்ளைகளும் உண்டு!

மூன்று குழுக்கள் வந்தால் மட்டும் பட்டை கைகொடுக்காது, வட்டம்தான். மூன்றிலும் இருப்பவர்களை முதலில் நடுவில் எழுதிவிட்டு, "இரண்டும்" என்று கொடுத்த ஒவ்வோர் எண்ணிலிருந்தும் அதைக் கழித்துக்கொண்டு வெளியே வரச் சொல்லுங்கள்.