மெல்லிய மடிக்கணினியும் வன்னி வெயிலும்: கேள்வி பதில்

கிளிநொச்சியில் மடிக்கணினி திருத்தும் ஒருவர் விடையளிக்கிறார்.

மாங்குளத்திலிருந்து: அண்ணை, விளையாடுவதற்கென வாங்கிய மெல்லிய மடிக்கணினி பத்து நிமிடத்துக்குள் 95 பாகையைத் தொடுகிறது, பிறகு படம் விட்டுவிட்டு ஓடுகிறது. பழுதா?

பதில்: பழுதாக இருக்கவேண்டியதில்லை, தம்பி. செயலியின் (புரொசசரின்) சூட்டைச் செப்பு வெப்பக்குழாய் வாங்கிக்கொள்கிறது. அதனுள் இருக்கும் சிறிதளவு நீர் சூடான முனையில் ஆவியாகி, மறுமுனையில் குளிர்ந்து, உட்சுவரின் நுண்துளைகள் வழியே திரும்பி வருகிறது. அந்த மறுமுனையில் நெருக்கமாக அடுக்கிய தகடுகளுக்கூடாக விசிறி காற்றை ஊதுகிறது. ஆக, கடைசியில் சூட்டை ஏற்பது உங்கள் அறைக் காற்றுத்தான். அதே வேலையை அதே விசிறி வேகத்தில் செய்யும்போது, அறை 24 பாகையிலிருந்து 34 பாகைக்கு ஏறினால் செயலியும் ஏறத்தாழ 10 பாகை ஏறும். குளிரூட்டிய அறையில் எடுத்த மதிப்புரைக் காணொளி தகரக் கூரைக்குப் பொருந்தாததற்குக் காரணம் அதுவே. வரம்பை எட்டிய செயலி தன் வேகத்தைத் தானே குறைக்கிறது. எனவே சூடு பிறப்பதையே குறையுங்கள்: விளையாட்டைச் செக்கனுக்கு 60 பிரேமுக்கு (60 படங்களுக்கு) மட்டுப்படுத்துங்கள், விண்டோஸின் மின்திட்டத்தில் செயலியின் உச்ச நிலையை 99 சதவீதமாக்கினால் டர்போ எனும் தற்காலிக வேகக்கூட்டல் பெரும்பாலும் நின்றுவிடும்.

புதுக்குடியிருப்பிலிருந்து: தூசி எடுக்கச் சைக்கிள் கடைக் கொம்பிரசர் போதுமா?

பதில்: வேண்டாம். அந்த வேகத்தில் விசிறி தறிகெட்டுச் சுழன்று அதன் பெயரிங் கெடும். கொம்பிரசர் தொட்டியில் தேங்கிய நீரும் உள்ளே தெறிக்கும். சோளகக் காற்றுக் காலத்துச் செம்மண் தூசியும் அறுவடைக் காலத்து வைக்கோல் தூசியும் விசிறிக்கும் தகடுகளுக்கும் இடையில் கம்பளிபோலப் படிந்திருக்கும். பின்மூடியைத் திறந்து, பற்றரி இணைப்பைக் கழற்றி, விசிறி இதழை விரலால் பிடித்துக்கொண்டு தூரிகையால் எடுங்கள்.

முல்லைத்தீவிலிருந்து: மடிக்கணினிக்கு அடியில் வைக்கும் விசிறித் தட்டு, அதுதான் கூலிங் பாட், வாங்கலாமா?

பதில்: முதலில் பின்பக்கத்தை இரண்டு விரல் உயரத்துக்குத் தூக்கி வைத்துப் பாருங்கள்.

வவுனியாவிலிருந்து: பல செயலிகளுக்கு 100 பாகைவரை வரம்பு என்று இன்டெல் நிறுவனமே குறிப்பிடுகிறது. ஏன் வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்?

பதில்: சிலிக்கனைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி, ஐயா. ஆனால் மெல்லிய உடலில் பற்றரி செயலிக்கு மிக அருகில் இருக்கிறது. அது 100 பாகைக்கென ஆக்கப்பட்டதல்ல. என் மேசைக்கு வரும் வீங்கிய பற்றரிகளைப் பார்த்தால் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டீர்கள்.

மீண்டும் வவுனியாவிலிருந்து: பற்றரி வீங்குவது இரவுபகலாக மின்னேற்றியில் கிடப்பதால்; சூட்டினால் அல்ல.

பதில்: இரண்டையும் பிரிக்க முடியாது. நிறைய ஏற்றிய லித்தியம் பற்றரி குளிர்ந்த இடத்தில் மெதுவாகவும் சூட்டில் விரைவாகவும் முதுமையடைகிறது. ஏற்ற வரம்பை 80 சதவீதத்தில் நிறுத்துங்கள் என்று நான் சொல்வது உங்கள் வாதத்தை ஏற்றுக்கொண்டுதான். சூட்டைக் குறையுங்கள் என்பது என் வாதம்.

மன்னாரிலிருந்து: வவுனியா நண்பர் சொல்வதே சரி. பற்றரியைக் கழற்றிவிட்டு விளையாடினால் வழக்கே முடிந்தது!

பதில்: மின்சாரம் போகும் கணத்தில் விளையாட்டும் முடியும். அத்துடன், பற்றரி இல்லாதபோது சில கணினிகள் வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்கின்றன. உச்சத் தேவையின்போது மின்னேற்றிக்குத் துணைநிற்பது பற்றரிதான்.

நெடுங்கேணியிலிருந்து: செயலிக்கும் வெப்பக்குழாய்க்கும் இடையில் பூசும் தேர்மல் பேஸ்ட்டுக்குப் பதிலாகத் திரவ உலோகம் இடலாமா?

பதில்: அதில் இருப்பது காலியம். அது அலுமினியத்தை அரிக்கும், மின்சாரத்தையும் கடத்தும், ஒரு துளி வழிந்தால் தாய்ப்பலகை போய்விடும். நல்ல பேஸ்ட் போதும்.

முழங்காவிலிலிருந்து: எந்த மாதிரி வாங்கலாம்?

பதில்: நான் திருத்துபவன், விற்பவனல்லன்.

துணுக்காயிலிருந்து: கொம்பிரசரால் ஊதலாமா?

பதில்: புதுக்குடியிருப்பு நண்பருக்கான விடையைப் படியுங்கள்.

பரந்தனிலிருந்து: எங்களிடம் கொம்பிரசர் இல்லை. வயல் மருந்தடிக்கும் இயந்திரத்தின் காற்றை மட்டும் பயன்படுத்தினால்?

பதில்: தூரிகை, தம்பி. தூரிகை.